பென்சிலால் எழுதி அழித்த மூன்று பெயர்கள்

நம் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், கீழ் ஓரமாக, அவ்வப்போது ஒரு சின்ன அறிவிப்பு வருவதை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். 'அலுவலக உதவியாளர் 1, ஈப்பு ஓட்டுநர் 1, இரவுக்காவலர் 1' என்று இருக்கும். அதற்குக் கீழே 'இனச்சுழற்சி' என்று ஒரு வரி. பொதுப்போட்டி, பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், ஆதிதிராவிடர் அருந்ததியர், முன்னுரிமை பெற்றவர், முன்னுரிமையற்றவர், ஆதரவற்ற விதவை என்று அந்த வரியில் ஏதோ ஒன்று போட்டிருப்பார்கள். பலரும் தங்களுக்கானதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். அந்த வரியை யார் எழுதுகிறார்கள், எதைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று நாமும் இத்தனை நாள் கேட்டதில்லை.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் இருக்கும் அம்மா ஒருவர் அந்த அறிவிப்புகளை வெட்டி எடுத்து, நீளமான கணக்கு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் அங்கே போனோம். ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர். பெயர் போட வேண்டாம், வேலை பார்த்த துறையையும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஊரில் சின்னப் பிள்ளைகளிலிருந்து பெரியவர்கள் வரை அவரை 'ஆபீஸ் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே எழுதுகிறோம்.

"நான் முப்பத்திரண்டு வருஷம் செஞ்சது ஒரே வேலைதான் தம்பி, ஆள் எண்ணுறது" என்றார்.

அரசு அலுவலகத்துக்குள் போனால் 'பணியமைப்புப் பிரிவு' என்று ஒன்று இருக்கும். 'எஸ்டாபிளிஷ்மெண்ட் செக்ஷன்' என்றுதான் ஊழியர்கள் சொல்வார்கள். பெரிய தனியார் நிறுவனங்களில் 'ஒர்க்ஃபோர்ஸ் மேனேஜ்மெண்ட் அனலிஸ்ட்' என்று பெயர் கொடுத்து, கணினி கொடுத்து, நல்ல சம்பளமும் கொடுத்துச் செய்யச் சொல்வதை இங்கே ஓர் உதவியாளர், ஒரு பீரோ, ஐந்தாறு பதிவேடுகளோடு செய்துகொண்டிருப்பார். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியவை எத்தனை, காலி எத்தனை, அடுத்த ஐந்து வருடத்தில் யார் யார் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார்கள், நீண்ட விடுப்பில் இருப்பவர் யார், அயற்பணியில் போனவர் யார், அதனால் எந்த மேசையில் வேலை தேங்குகிறது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் கொண்டுவர வேண்டும். மேலிடம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் புதிதாக ஆள் எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. தேர்வாணையத்துக்குக் காலியிட மதிப்பீடு போவதும் இந்த மேசையிலிருந்துதான்.

அந்த வேலையின் கஷ்டத்துக்கு ஆபீஸ் அக்கா ஓர் உதாரணம் சொன்னார். 2020 மே மாதம் தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. அதாவது 2020 மே கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டியவர் 2022 மே வரை அதே நாற்காலியில் இருந்தார். அந்த இரண்டு வருடத்துக்கு அவர் போட்டு வைத்திருந்த ஓய்வுப் பட்டியல் முழுவதும் ஒரே அரசாணையில் வீணானது. "எனக்குத் தாளு போச்சு. வெளியில பரீட்சைக்குப் படிச்சிட்டு இருந்த பிள்ளைங்களுக்கு ரெண்டு வருஷம் போச்சு" என்றார். தேர்வு எழுதும் வயது வரம்பை அரசு பிறகு இரண்டு வருடம் உயர்த்திக் கொடுத்தது உண்மை. ஆனால் அதற்குள் படிப்பைக் கைவிட்டு, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இருநூறு வரி

நாம் தேடிப் போன விஷயம் இனிமேல்தான். அந்த மேசையில் இருக்கும் பதிவேடுகளில் ஒன்று இனச்சுழற்சிப் பதிவேடு. இட ஒதுக்கீடு என்று மேடையில் பேசுகிறோம், வழக்கு நடத்துகிறோம். அது நடைமுறையில் ஓர் ஆளுக்கு வேலையாக மாறுவது இந்தப் பதிவேட்டின் ஒரு வரியில்தான்.

தமிழ்நாட்டில் மொத்த ஒதுக்கீடு 69 விழுக்காடு. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 18, பழங்குடியினர் 1. ஆதிதிராவிடருக்கான 18-க்குள் அருந்ததியருக்கு 3 என்று 2009-ல் சட்டம் வந்தது. இப்படிப் பிரித்துக் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, பஞ்சாப் வழக்கில் தீர்ப்பு சொன்னது.

இந்த விழுக்காட்டை ஆளாக மாற்ற 200 வரிகள் கொண்ட ஒரு சுழற்சி வைத்திருக்கிறார்கள். இருநூறில் பொதுப்போட்டிக்கு 62. பிற்படுத்தப்பட்டோருக்கு 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிமுக்கு 7, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 40, ஆதிதிராவிடருக்கு 30, அருந்ததியருக்கு 6, பழங்குடிக்கு 2. கூட்டிப் பாருங்கள், 200 வரும். எந்த எண்ணுக்கு எந்தப் பிரிவு என்பது முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கிறது. பெண்களுக்கு, ஆதரவற்ற விதவையருக்கு, முன்னாள் படைவீரருக்கு, மாற்றுத்திறனாளிக்கு, தமிழ்வழியில் படித்தவருக்கு என்று அதற்குள்ளேயே உள்ஒதுக்கீடும் வரும். ஓர் அலுவலகம் கடைசியாக 57-ஆம் வரியில் ஆள் எடுத்திருந்தால் அடுத்த முறை 58-லிருந்து தொடங்க வேண்டும். நடுவில் தாண்டக் கூடாது, திரும்ப முதலிலிருந்து தொடங்கவும் கூடாது. 200 முடிந்தால் மறுபடியும் 1.

தேர்வாணையம் வழியாக வரும் வேலைகளுக்கு இந்தக் கணக்கைத் தேர்வாணையமும் பார்க்கிறது. அலுவலக உதவியாளர், ஓட்டுநர், காவலர் போன்ற வேலைகளுக்கு ஆளை அமர்த்தும் அதிகாரி யாரோ அவர் அலுவலகத்தில்தான் பதிவேடு. அதைப் பூர்த்தி செய்பவர் அந்த மேசை உதவியாளர். வெளியிலிருந்து யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வேடிக்கை என்று சொல்வது தப்பு, வயிற்றெரிச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன அலுவலகம் ஒன்று வருடத்துக்கு ஓர் ஆள் எடுக்கிறது என்றால் 200 வரிகள் முடிய 200 வருடம் ஆகும். அதில் பழங்குடிக்கு இரண்டே வரி. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் இருக்கிற இருளர் பிள்ளை ஒன்று பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு அந்த அலுவலகத்தையே நம்பிக் காத்திருந்தால், சராசரியாக நூறு வருடத்துக்கு ஒரு முறை அதன் முறை வரும். ஒதுக்கீடு 1 விழுக்காடு இருக்கிறதே என்று மேடையில் சொல்லிவிடலாம். பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் தாயிடம் சொல்ல முடியாது. மாவட்டம் முழுவதற்கும் அல்லது துறை முழுவதற்கும் சேர்த்து ஆள் எடுத்தால் இந்தக் கோளாறு ஓரளவு குறையும். அலுவலகம் அலுவலகமாக, ஒன்றிரண்டாக எடுப்பதால் யாருக்கு நட்டம் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

அழிரப்பர் தடம்

ஆபீஸ் அக்கா உதவியாளராகப் பதவி உயர்வு பெற்று அந்த மேசைக்குப் போன முதல் மாதம். பழைய பதிவேடுகளைச் சரிபார்த்து 'பொறுப்பு ஒப்படைப்பு' எழுத வேண்டும். முன்பு இருந்தவர் அவசரமாக மாறுதலில் போய்விட்டார். மதியம் சாப்பிட்ட பிறகு, வெளிச்சத்துக்காகச் சன்னல் ஓரம் பதிவேட்டைத் திருப்பி வைத்திருந்தபோது ஒரு பக்கத்தில் காகிதம் பளபளவென்று தேய்ந்திருப்பதைக் கண்டார்.

"பென்சிலால எழுதி, ரப்பரால அழிச்சிருக்காங்க. சாய்ச்சுப் பாத்தா எழுத்து தெரியுது. மூணு பேரு."

அதற்குச் சில வருடம் முன்பு அந்த அலுவலகம் 14 அலுவலக உதவியாளர்களை ஒரே நேரத்தில் எடுத்திருந்தது. சுழற்சிப்படி பொதுப்போட்டிக்கு 4, பிற்படுத்தப்பட்டோருக்கு முஸ்லிம் ஒதுக்கீடும் சேர்த்து 4, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 3, ஆதிதிராவிடருக்கு 3. தேர்வுப் பட்டியலில் முதல் நான்கு இடத்தில் மூவர் ஆதிதிராவிடர். விதிப்படி என்ன செய்ய வேண்டும்? பொதுப்போட்டி என்பது 'மற்றவர்களுக்கான' இடம் கிடையாது. அது எல்லோருக்கும் பொது. மதிப்பெண்ணில் முன்னால் வந்த மூவரும் பொதுப்போட்டி வரியில் ஏற வேண்டும். ஆதிதிராவிடருக்கான மூன்று வரியும் அப்படியே மிஞ்சி நிற்கும். அதில் பட்டியலில் அடுத்து வரும் மூன்று ஆதிதிராவிடர் ஏறுவார்கள். ஆக மொத்தம் ஆறு பேருக்கு வேலை. திறமையால் பொது இடத்தில் வந்தவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் கழிக்கக் கூடாது என்று மண்டல் வழக்கில் 1992-லும், சபர்வால் வழக்கில் 1995-லும் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அந்தப் பதிவேட்டில் யாரோ ஒருவர் முதலில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பொதுப்போட்டி வரிகளில் அந்த மூன்று பெயரும் பென்சிலில் இருந்திருக்கின்றன. பிறகு அவற்றை அழித்து, ஆதிதிராவிடர் வரிகளில் மையால் ஏற்றிவிட்டார்கள். பொதுப்போட்டி வரிகளில் வேறு மூன்று பெயர். மேலே இருந்த மூவருக்கும் வேலை கிடைத்துவிட்டது, அதனால் அவர்கள் கேட்கப் போவதில்லை. வேலை கிடைக்காமல் போன மூவருக்குத் தங்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. புள்ளிவிவரத் தாளில் 'ஆதிதிராவிடர் 3, நிரப்பப்பட்டது 3, குறைவு இல்லை' என்று அழகாகப் போயிருக்கிறது.

அவர் குறிப்பு எழுதினார். கோப்பு மேலே போனது. 'பேசுக' என்று ஒரே சொல்லோடு திரும்பி வந்தது. அரசு அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும். போய்ப் பேசினார். "எதுக்கும்மா பழைய குப்பையைக் கெளர்றே? ஆடிட்டே வந்து பாத்துட்டுப் போயிட்டான்" என்றார் மேலதிகாரி. இரண்டாம் முறை, விதி எண்ணோடு எழுதினார். மறுபடியும் 'பேசுக'. அப்படி நான்கு முறை. மூன்றாம் முறைக்கும் நான்காம் முறைக்கும் இடையில் எட்டு மாதம் அவரைப் பதிவறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மூட்டை மூட்டையாகக் கட்டிவைத்த கோப்புகளோடும் தூசியோடும் இருந்தார். ஆஸ்துமா அங்கே வந்ததுதான், இன்னும் போகவில்லை.

"உங்க ஆளுங்கன்றதால எழுதுறீங்களான்னு ஒருத்தர் கேட்டாரு தம்பி. அழிச்சவரு யாரு ஆளுங்களுக்காக அழிச்சாருன்னு நான் திருப்பிக் கேக்கல. கேட்டிருக்கலாம்."

அதிகாரி மாறினார். புதிதாக வந்தவர் பதிவேட்டைத் தன் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். அவரும் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஐந்தாவது முறை கோப்பு 'விதிப்படி ஆவன செய்க' என்று திரும்பியது. ஆதிதிராவிடருக்கான மூன்று இடம் குறைவுப் பணியிடமாகக் கணக்கில் ஏறியது. அடுத்த ஆள்சேர்ப்பில் வழக்கமான சுழற்சியோடு அந்த மூன்றும் சேர்த்து நிரப்பப்பட்டன. முதல் குறிப்பு எழுதியதிலிருந்து அதற்கு இரண்டு வருடத்துக்கும் மேல்.

விடுபட்டுப் போன பழைய மூவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. பட்டியல் காலாவதியாகிவிட்டது. வேறு மூவருக்குக் கிடைத்தது. அதில் ஒருவர் அதே பிரிவில் பல வருடம் தபால் எடுத்துக்கொண்டு போய்வந்தார். கணவரை இழந்தவர், இரண்டு பெண் பிள்ளைகள். அவர் எந்த வழியில் உள்ளே வந்தார் என்று ஆபீஸ் அக்கா அவரிடம் கடைசி வரை சொன்னதே இல்லை. "ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டோம். "அவங்க மார்க் எடுத்து வந்தாங்க. நான் எதுக்கு நடுவுல?" என்றார்.

பன்னிரண்டில் ஒன்று

இந்தச் சுழற்சிக்கு நூறு வருட வயதாகப் போகிறது. சென்னை மாகாணத்தில் 1920-களின் கடைசியில் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணையில் 12 இடத்துக்கு ஒரு சுற்று. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிமுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. 1947-ல் அது 14 இடச் சுற்றாகி நம் பங்கு 2 ஆனது. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணை அடிபட்டுப் போனதும், அதற்குப் பிறகு அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் வந்ததும் மாணவர்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

மத்திய அரசுப் பணிகளில் நிலைமை வேறு. 1942 ஜூலையில் அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினர் ஆனார். அடுத்த வருடமே, 1943-ல், பட்டியல் சாதியினருக்கு அரசுப் பணியில் 8⅓ விழுக்காடு என்று ஆணை வந்தது. 1946-ல் 12½ ஆனது. அந்த 8⅓ என்ன கணக்கு என்று யோசித்தால், அதுவும் பன்னிரண்டில் ஒன்றுதான். இன்று மத்திய அரசில் 15. தமிழ்நாட்டில் பழங்குடியும் சேர்த்து 16 ஆக இருந்தது 1971-ல் 18 ஆகி, 1990-ல் பழங்குடிக்குத் தனியாக 1 பிரிக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. கணக்குக்கும் ஆளுக்கும் இருக்கும் இடைவெளி இன்னும் மூடவில்லை. பதவி உயர்விலோ, மாநில அரசுப் பணியில் ஒதுக்கீடே இல்லை. அது தனியாக எழுத வேண்டிய கதை.

தாளில் வராத ஆட்கள்

பணியிடக் கணக்குத் தாளில் ஒரு விசித்திரம் உண்டு என்று அவர் காட்டினார். அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர், கழிப்பறை கழுவுகிறவர், சில இடங்களில் இரவுக்காவலரும்கூட, அந்தத் தாளில் இருக்க மாட்டார்கள். ஒப்பந்ததாரர் மூலம் வருகிறவர்கள். அவர்களுக்கான செலவு வேறு தலைப்பில், 'சேவை' என்று போகும். பணியிடம் இல்லை என்றால் சுழற்சி இல்லை. சுழற்சி இல்லை என்றால் ஒதுக்கீடும் இல்லை. ஆனால் போய்ப் பார்த்தால் அங்கே வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தான். பதிவேடு இல்லாத வேலையில் நூற்றுக்கு நூறாகவும், பதிவேடு உள்ள வேலையில் பென்சிலால் அழிக்கப்பட்டும் இருக்கிறோம்.

2018-ல் வந்த அரசாணை 56, தேவையற்ற பணியிடங்களைக் கண்டறிய ஆதிசேஷய்யா தலைமையில் குழு அமைத்தது. அதை ரத்து செய் என்பது 2019 ஜனவரியில் ஜாக்டோ ஜியோ வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. ஒரு பணியிடம் 'தேவையற்றது' என்று அடிபட்டால் அதோடு அந்தச் சுழற்சியில் யாருக்கோ வர வேண்டிய முறையும் தள்ளிப்போகிறது என்பதைச் சங்கத் தலைவர்களே அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை என்பது ஆபீஸ் அக்காவின் வருத்தம்.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்திக் கைது செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவர்கள் கேட்டதில் முக்கியமானது பணி நிரந்தரம். பதிவேட்டில் ஒரு வரி கேட்டார்கள் என்றும் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. நாங்கள் போன அன்று பதினேழு பேர் இருந்தார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள்தான் பாதிக்கு மேல். 200 கேள்வி, 300 மதிப்பெண், தமிழில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கட் ஆஃப் எத்தனை வரும் என்றுதான் ஒவ்வொருவருக்கும் கவலை. ஆபீஸ் அக்கா அன்று எடுத்த பாடம் வேறு. எல்லோர் கையிலும் 200 வரிகள் அச்சடித்த தாள். பத்துப் பேர் கொண்ட ஒரு கற்பனைத் தேர்வுப் பட்டியலைப் பலகையில் எழுதி, யாரை எந்த வரியில் ஏற்றுவது என்று போடச் சொன்னார். பாதிப் பேர் பட்டியலில் முதலில் வந்த ஆதிதிராவிடர் பெண்ணைக் கொண்டுபோய் ஆதிதிராவிடர் வரியிலேயே போட்டார்கள்.

"நீங்களே போட்டுட்டீங்க பாருங்க. அப்புறம் அந்த கிளர்க்க மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்" என்று சிரித்தார். ஒரு பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எஸ்சி பொண்ணு எஸ்சி வரியிலதானேக்கா வரும்?" என்று எழுந்து நின்று கேட்டான். அவனுக்கு அதை விளக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. வகுப்பில் மற்றதெல்லாம் அவசர அவசரமாகத்தான் முடிந்தது.

அந்த நோட்டுக்கு வருவோம். ஒரே அலுவலகத்தின் அறிவிப்புகளை வருட வரிசையில் ஒட்டினால், எந்த வருடம் எந்த முறை வந்தது என்று தெரியும். அச்சிட்ட 200 வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுழற்சி நேராகப் போகிறதா, எங்காவது தாண்டுகிறதா என்று ஓரளவு பிடிக்கலாம். நம் பக்கத்தில் வந்த மூன்று அறிவிப்புகளை வைத்து, ஓர் அலுவலகத்தில் அருந்ததியர் முறை ஒன்று தாண்டப்பட்டிருக்கலாம் என்று அவர்களுக்குச் சந்தேகம். வகுப்புக்கு வரும் அருந்ததியர் இளைஞர் ஒருவர் அந்த இரவுக்காவலர் வேலைக்கு விண்ணப்பிக்கக்கூட முடியவில்லை. வயது 34. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் பதினாறு வருடமாகப் புதுப்பித்து வருகிறார்.

சந்தேகம் மட்டும்தான், குற்றச்சாட்டு கிடையாது என்பதை ஆபீஸ் அக்கா இரண்டு மூன்று முறை அழுத்திச் சொன்னார். நடுவில் அறிவிப்பே கொடுக்காமல், கருணை அடிப்படையிலோ வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலிலிருந்தோ யாரையாவது எடுத்திருக்கலாம். அருந்ததியரில் தகுதியானவர் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை மற்ற ஆதிதிராவிடரைக் கொண்டு நிரப்பச் சட்டத்திலேயே வழி உண்டு. அப்படியும் நடந்திருக்கலாம். பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்படி ஒரு மனு எழுதினார்கள். மனு எப்படி எழுத வேண்டும் என்பதில் அவர் கறார். 'ஏன் எங்களுக்கு வேலை தரவில்லை' என்று கேட்டால் 'தகவல் அல்ல' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 'இந்தப் பதவிக்கான இனச்சுழற்சிப் பதிவேட்டின், இன்ன வருடத்திலிருந்து இன்று வரையிலான பக்கங்களின் நகல்' என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கூடவே, பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதியும் கேட்க வேண்டும். நகலில் பென்சில் தடம் வராது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் சான்று இணைத்தால் அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. அஞ்சல் ரசீதைத் தொலைக்கக் கூடாது. ரசீதை இளைஞர் தன் செல்போன் உறைக்குள் மடித்து வைத்திருப்பதைக் காட்டினார்.

இதைப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன். இருபத்தாறாம் நாள் பதில் வந்துவிட்டது. நகலுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்டிருக்கிறார்கள். வருகிற புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதிவேட்டை நேரில் பார்வையிடலாம் என்றும் இருக்கிறதாம். என்ன கொண்டுபோக வேண்டும் என்று ஆபீஸ் அக்காவைக் கேட்டிருக்கிறார். ஆதார் அட்டை, பதில் கடிதம், அச்சடித்த 200 வரித் தாள், ஓர் அடி ஸ்கேல் என்றாராம் அவர். ஸ்கேல் எதற்கு என்று நமக்கும் புரியவில்லை, கேட்டோம். பதிவேட்டில் வரிகள் நெருக்கமாக இருக்கும், ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்க்காவிட்டால் கண் ஒரு வரி தாண்டிவிடும் என்று சொன்னார். சன்னல் பக்கம் உட்காரச் சொல்லியிருக்கிறாராம்.